தடியனுக்கு அளந்த சாப்பாடு

மார்ச் 4

மகன் வேலைக்காகக் கப்பலேறும்போது விட்டுப்போன நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் முடிந்தது. நான்கு வேளைச் சாப்பாட்டை இன்று மூன்றாக்கினேன். பெரிய ஜாதி என்பதால் அதற்கென்று விற்கும் குட்டித் தீனிதான். தராசில் நிறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் வைக்கிறேன். முதுகு வலிக்கிறது.

என்னோடு இருக்கும் அக்காவுக்கு நாயே ஆகாது. "தள்ளிப் போடா தடியா" என்று அதட்டியதில் அதுவே பெயராகிவிட்டது.

மார்ச் 19

மழை. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 27

நாய் டாக்டரிடம் போனோம். அந்தப் பெண் தடியனின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

"எலும்பு தட்டுப்படுதா ஐயா?"

"தேடினா கிடைக்குது."

"தேடக் கூடாது. இந்த ஜாதி மெதுவா வளரணும். இந்த வயசுல எடை ஏறினா இடுப்பு மூட்டு போயிடும். என்னதான் போடறீங்க?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. வேதியியல் ஆசிரியனாக எத்தனை பிள்ளைகளுக்குத் தராசு பிடிக்கக் கற்றுக் கொடுத்தவன்! ஒருவேளை நான்தான் தப்பாக நிறுக்கிறேனோ?

ஏப்ரல் 28

பிரிக்காத சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துத் தராசைச் சோதித்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மே 30

தீனியைக் குறைத்தும் எடை ஏறுகிறது. பின்கால்களை ஒருமாதிரி இழுத்து நடக்கிறான். மகன் தொலைபேசியில், "முடியலன்னா சொல்லுங்கப்பா, வேற வீடு பாத்துடலாம். நீங்க கஷ்டப்பட வேணாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும் ஒரு குட்டிக்குச் சோறு போடத் தெரியாத கிழவன் என்றுதான் காதில் விழுந்தது.

டாக்டர், வீட்டில் வேறு யாராவது போடுகிறார்களா என்று கேட்டார். அக்கா போடவே மாட்டாள் என்று அடித்துச் சொன்னேன்.

ஜூன் 11

மதியம் கை கழுவப் போனவன் மூக்குக்கண்ணாடியை மேஜையிலேயே விட்டுவிட்டேன் என்று திரும்பினேன். அக்காவின் தட்டு மேஜைக்கு அடியில். தடியன் தின்றுகொண்டிருக்கிறான். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

அறைக்கு வந்துவிட்டேன். என்ன மனுஷி இவ? நான் இங்க கிராம் கிராமா நிறுத்துச் சாகறேன், டாக்டர்கிட்ட திட்டு வாங்கறேன், இவ பாட்டுக்கு — சரி. நாளை எழுதலாம்.

ஜூன் 12

கோபம் தணிந்தபின்தான் தோன்றியது. தட்டில் இருந்தது மிச்சமல்ல. நான் பரிமாறிய கோழியும் ரொட்டியும் அப்படியே இருந்தன.

காலையில் அக்கா அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள். வளையல் முழங்கை வரை இறங்கியது. கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. இத்தனை நாளாக நான் நாயின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13

கேட்கவில்லை. வாய் வரை வந்தது.

ஜூன் 14

கேட்டுவிட்டேன். "ஏன் அக்கா சாப்பிட மாட்டேங்கற?"

முதலில் சண்டைக்கு வந்தாள். "நாய்க்கு ரெண்டு வாய் போட்டது குத்தமா?" பிறகு பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கீழ் ஈறு முழுக்கப் புண்.

"போட்ட நாள்லேர்ந்து குத்துதுடா. நாலு டாக்டரை விசாரிச்சு, நீ பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தது. எப்படிச் சொல்றது?"

"மெல்ல முடியலன்னாவது சொல்லியிருக்கலாமே."

"தட்டுல மிச்சம் வெச்சா நீ கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுடுவே. தடியன் கேக்க மாட்டான்."

அது உண்மைதான்.

ஜூன் 17

பல் டாக்டர் ஈறு ஆறும்வரை செட்டு போடக் கூடாது என்றார். பிறகுதான் புது அச்சு எடுப்பாராம். அக்காவுக்குக் கூழாகக் கரைத்துக் கொடுக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் தடியனை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிறேன். கதவைப் பிராண்டிக்கொண்டே அழுகிறான். அதையும் கேட்டுக்கொண்டு அக்கா எதிரில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு வாயும் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். களைப்பு.

ஆகஸ்ட் 2

புதுப் பல் வந்துவிட்டது. அக்கா மதியம் ரொட்டியை மென்று தின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9

தடியனுக்கு இப்போது இரண்டே வேளை. பின்காலை இழுப்பது நின்றிருக்கிறது. டாக்டர் விலாவில் கை வைத்ததும் "ம்" என்றார். வேறு வீடு பார்க்க வேண்டாம் என்று மகனுக்குச் சொன்னேன்.

பிப்ரவரி 6

தடியன் வளர்ந்த நாயாகிவிட்டான். குட்டித் தீனியோடு பெரிய நாய்த் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் வயிறு போகும். இன்று கால்பங்கு கலந்தேன்.

பழக்கதோஷத்தில் அக்காவின் தட்டையும் தராசில் வைத்துவிட்டேன். பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"அவனுக்கு அளந்து போடு. எனக்கு அளக்காதே."

என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிச் சோற்றை அவளே போட்டுக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது அரைக் கரண்டிதான்.