கதவடைத்த வீட்டின் ஒப்பாரி

பெனி ஹம்தூன், ஸோஹாக்
3 பிப்ரவரி 1986

என் கண்ணே ஃபிர்தௌஸ்,

சலாம். அலெக்ஸாந்திரியாவின் கடல்காற்று பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறதா? எனக்கு என் தொண்டையே எதிரியாகிவிட்டது.

ஊரில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரி வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் சுட்டுக் கொல்லப்பட்ட என் புருஷன் பக்ரிக்கு நான் வாய் திறக்கக் கூடாதாம். கொழுந்தன் ரிஸ்க் கதவைச் சாத்திவிட்டான். "பழி வாங்குற வரைக்கும் இந்த வீட்ல யாரும் அழக் கூடாது, துக்கம் கேக்க வர்ற ஒருத்தனுக்கும் காப்பி ஊத்தக் கூடாது" என்கிறான். அடக்கி அடக்கிக் கழுத்து நரம்பெல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டது. நேற்று அடுத்த தெருச் சாவில் பாடப் போனேன். மூன்றாவது அடியிலேயே குரல் அறுந்துவிட்டது.

சுட்டவன் உன் கணவரின் சித்தப்பா மகன். அதற்கு நீ என்ன செய்வாய்? உன் கணவரிடமே வைத்தியம் கேட்டு எழுது.

உன் அக்கா,
நவ்வாரா

அலெக்ஸாந்திரியா
12 பிப்ரவரி 1986

அன்பு அக்காவுக்கு,

உன் தொண்டையை நினைத்துத் தூக்கமே இல்லை. ஷுக்ரியிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் பேச்சு தெரியுமே உனக்கு! "குசுகுசுன்னு பேச வேணாம்னு சொல்லு, அது கத்துறதவிடக் கெடுதல். சும்மா சும்மா கனைக்கவும் கூடாது. மோவாயத் தூக்கிப் பாடுனா கழுத்து இறுகத்தான் செய்யும். தோளத் தளர்த்தி, வயித்துலேர்ந்து எடுக்கச் சொல்லு" என்கிறார். கொய்யா இலை கொதிக்கவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாகக் குடி.

நிலப் பத்திர வேலையாக அவர் ஊருக்கு வருகிறார். மருந்தைத் தன் கையாலேயே கொண்டுவருவாராம். எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன், அவரை யார் என்ன செய்யப்போகிறார்கள்?

உன் செல்லத் தங்கை,
ஃபிர்தௌஸ்

பெனி ஹம்தூன்
18 பிப்ரவரி 1986

ஃபிர்தௌஸ்,

ஷுக்ரியை அனுப்பாதே. சுட்டவன் ஒரு வெட்டிப்பயல், அவன் உயிர் இவர்களுக்குப் போதாது. அந்தக் குடும்பத்தில் எந்தத் தலை உயர்ந்து நிற்கிறதோ அதைத்தான் சாய்ப்பார்கள்.

ரிஸ்க் என் மகன் அவத் கையில் துப்பாக்கியைத் திணித்து, "மருந்துக்கடைக்காரன் இருக்கான்ல, அவன்தான்" என்றான். "அவரு என் சித்தி புருஷன்" என்றான் அவத். விழுந்த அறையில் பிள்ளையின் உதடு கிழிந்தது. "அப்பன் ரத்தம் காயல, உனக்குச் சித்தி கேக்குதா? நீயெல்லாம் ஆம்பளையாடா?" மாதக் கடைசியில் அவனை அலெக்ஸாந்திரியாவுக்கு ரயிலேற்றுகிறார்கள். ஷுக்ரி செத்தால் நாளை உன் புகுந்த வீட்டார் என் அவத்தைக் கொல்வார்கள். எங்காவது போய் ஒளிந்துகொள்ளுங்கள்.

அக்கா

அலெக்ஸாந்திரியா
23 பிப்ரவரி 1986

அக்கா,

உன் காலில் விழுகிறேன். கடையைப் பூட்டிவிட்டு ஒரு தோழி வீட்டில் ஒண்டியிருக்கிறோம். பிள்ளைகளை வெளியே விடவில்லை. இப்படி எத்தனை நாள்? உன் குரலுக்குக் கட்டுப்படாத ஊரா அது? அவரைக் காப்பாற்றிக் கொடு. அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார்?

ஃபிர்தௌஸ்

பெனி ஹம்தூன்
14 ஏப்ரல் 1986

ஃபிர்தௌஸுக்கு,

அவத் தந்தி கொடுத்தான். மீதியை நான் எழுதுகிறேன்.

அவன் கிளம்ப இருந்த காலையில் கதவை விரியத் திறந்து தெருவில் போய் நின்றேன். தோளைத் தளர்த்தினேன். வயிற்றிலிருந்து எடுத்தேன். பக்ரி செத்துவிட்டான் என்று முதல் அடியிலேயே பாடிவிட்டேன். ரிஸ்க் ஓடிவந்து துப்பாக்கிக் கட்டையால் என் தொண்டைக்குழியில் குத்தினான். "வாய மூடுடி, குடியக் கெடுத்தவளே!" வாயெல்லாம் ரத்தம். நான் நிறுத்தவில்லை. மறுபடியும் குத்தினான். நான் விழுந்ததும் தெருப்பெண்கள் அடுத்த அடியை எடுத்துப் பாடினார்கள். ஆண்கள் திரண்டு வந்தார்கள். அவத் துப்பாக்கியைக் கீழே வைத்து, வாசலில் நின்று, ஒவ்வொருவர் கையாகப் பற்றி ஆறுதல் வாங்கிக்கொண்டான். ஆறுதல் வாங்கிய வீடு பழிக்குப் போகாது. ரிஸ்க்கே அதை மீற முடியாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான். ஷுக்ரி கடையைத் திறக்கலாம்.

குருத்தெலும்பு நொறுங்கிவிட்டது, இனிப் பாட்டு இல்லை என்கிறார் டாக்டர். தண்ணீர் விழுங்கினாலும் உயிர் போகிறது.

நேற்று உன் பார்சல் வந்தது. மாத்திரை, மருந்து, கழுத்துக்குக் கம்பளித் துணி, 'எங்களைக் காப்பாற்றிய அக்காவுக்கு' என்று ஒரு சீட்டு. வாய்க்கால் தண்ணீரில் உன்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் பக்ரி. அவனுக்காக ஒரு வரி இருக்குமா என்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கதவு அடைத்திருந்தபோது நீ துக்கம் கேட்டு எழுதாதது முறைதான். இப்போது ஊரே வந்து அழுதுவிட்டுப் போய்விட்டது.

பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன். இனி எழுதாதே.

இப்படிக்கு,
பக்ரியின் மனைவி நவ்வாரா