எலிக்குக் குடி இல்லை

12.10.2004
பள்ளிக்கூட ஆய்வுகூடத்து எலி ஈன்று இரண்டு கிழமை. எட்டுக் குட்டிக்கு வெள்ளை மயிர் முளைத்துவிட்டது. ஒன்று மட்டும் மொட்டை. தாய் தகப்பன் இரண்டுக்கும் புசுபுசுவென்று மயிர். நான் படிப்பிக்கும் உயர்தர வகுப்புப் பெட்டைகள் முகம் சுளித்தார்கள். எனக்குக் கண் கலங்கிற்று. என் விதுர்ஷாவுக்கு இரண்டு வயது முடிந்தும் தலையில் ஒன்றுமில்லை. புருவமும் இல்லை.

28.10.2004
கோயிலில் மகளுக்கு முடி இறக்கும் நேர்த்தியைப் பற்றி வீட்டுக்காரர் வாய்தவறிக் கேட்டார். அவருடைய தங்கை புஸ்பம் மச்சாள் வாசலில் நின்றபடியே, "இறக்க என்ன இருக்கு? எங்கட குடியில இப்பிடி ஒருத்தரும் இல்ல. பிள்ளை தாய்ட குடிதானே, அங்க இருந்துதான் வந்திருக்கு" என்றாள். இவர் நிலத்தைப் பார்த்தார்.

அவள் கட்டியிருப்பது என் அண்ணனை! அவனும் அதே தாய் வயிறுதானே? கேட்டால், குடி என்கிற வம்சம் தாய்வழியாம், "எனக்குப் பிறக்கிறது என்ட குடி, பயமில்ல" என்கிறாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் சண்டை பிடிக்கக்கூட வேறு வீடு கிடையாது.

இனி இந்த வாசல்படி மிதிக்கமாட்டாளாம்.

30.12.2004
கடல் வந்து நாலு நாள். நாங்கள் தப்பினோம். வாவிப் பக்கம் என்பதால் பள்ளிக்கூடமும் தப்பி, இப்போது அகதி முகாம். எலிக்கூட்டை வெளியே வீசச் சொன்னார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊரே பிணம் தேடும்போது நான் எலி சுமக்கிறேன். வெட்கமாய்த்தான் இருந்தது.

14.01.2005
நிவாரணப் பொதி. ஆளுக்கொரு சீப்பு, ஒரு போத்தல் ஷாம்பு. விதுர்ஷாவின் பங்கையும் தவறாமல் தந்தார்கள். அவள் அந்தச் சீப்பால் மொட்டை எலியை வாரிவிட்டாள்.

03.05.2005
மொட்டை ஆணைத் தாயோடு விட்டதில் எட்டில் நாலு மொட்டை. வேறிடத்தில் வாங்கிய பெண்ணோடு விட்டதில் ஒன்றுகூட இல்லை. ஆக, இது ஒளித்திருக்கும் பரம்பரையலகு. தாயும் தகப்பனும் ஆளுக்கொன்று கொடுத்தால்தான் வெளியே வரும். மகளுக்கும் இதேதான் என்று எலியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மொட்டையைப் பெற்ற முதல் சோடி ஒரே ஈற்றுக் குட்டிகள். என் அப்பாவும் இவருடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அப்பாவின் குடி எனக்கு வராது, மற்றதெல்லாம் வரும்!

இவருக்குப் படம் கீறிக் காட்டினேன். "அப்ப என்னிலயும் இருக்கா?" என்றார். ஓம் என்றேன்.

04.05.2005
இன்று மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். முதல்முறை.

11.08.2008
மச்சாளுக்கு இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. சந்தோஷம்தான். அவளுக்கும் அண்ணனுக்கும் எங்களைப் போல அதே சொந்தம்தானே, பக்குவமாய்ச் சொல்லிவைப்போம் என்று போனேன். "எலியக் கொண்டு எனக்குப் படிப்பிக்க வாறீங்களா?" — கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு இது தேவையா?

19.05.2009
நாட்டுச் சண்டை முடிந்ததாம். சந்தியில் பட்டாசு. கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினோம்.

07.12.2009
புஸ்பம் மச்சாள் வந்தாள். படி தாண்டி உள்ளே வந்தாள். துவாயில் சுற்றிய மகனுக்குப் பத்து மாதம். துவாயை விலக்காமலே கேட்டாள்:

"மச்சாள், உங்கட எலி என்ன சொல்லுது?"

ஐந்து வருஷமாய் எத்தனை பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்!

"எலி செத்து ரெண்டு வருஷம். பிள்ளையத் தாங்க."

விதுர்ஷா உள்ளே ஓடித் தன் பழைய வெயில் தொப்பியை எடுத்துவந்தாள். அளவு சரியாய் இருந்தது.