வாட வைத்த சோளப்பயிர்

சிம்பாய்,
செப்டம்பர் 9

அன்பு மகன் சர்சனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அக்தாவில் ஏதோ கட்டட வேலையில் இருப்பதாக பஸ் டிரைவர் சொன்னார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கன்றுக்குட்டி பிழைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பசுவிடம் முட்டி முட்டிக் குடிக்கிறது. வாய்க்காலில் இந்த வருடமும் தண்ணீர் பிந்தித்தான் வந்தது.

போன வாரம் மாட்டு டாக்டர் குலாயிம் கன்றைப் பார்க்க வந்தாள். நம் பசு செத்த காரணத்தை அவள்தான் விளக்கினாள். இளம் சோளப்பயிருக்குள் நொதிகள் என்று கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் உண்டாம். அவை விஷத்தை உண்டாக்கி, பயிரையே அது கொன்றுவிடாதபடி சர்க்கரையோடு கோத்து அடக்கி வைக்குமாம். மாடு மென்றதும் வேறொரு நொதி அந்தச் சர்க்கரையைக் கழற்றி, விஷத்தை வெளியே விட்டுவிடுமாம். நிழலில் அரை நாள் வாட வைத்தால் விஷம் போய்விடாதா என்று கேட்டேன். "வாடினா எங்கக்கா போகும்? யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள். என் பிறந்த வீட்டுப் பக்கம் எல்லாப் பெண்களும் சொல்வதுதான்.

சர்சன், அன்று பசு வயலில் இறங்கி மேயவில்லை. நெருக்கமாய் முளைத்த பயிரை நான்தான் பிடுங்கி, வாட வைத்து, கன்று ஈன்றவளாயிற்றே என்று ஆசையாய்ப் போட்டேன். அது மூச்சுத் திணறியபோது, தானாய் அவிழ்த்துக்கொண்டு போய் மேய்ந்தது போலத் தெரியட்டும் என்று கயிற்றை அவிழ்த்ததும் நான்தான். அப்பா அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஒரு மாட்ட ஒழுங்கா கட்டத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்குடா பொண்ணு பாக்கணும்?" என்று ஊர் முன்னால் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டேன். அதன் பிறகுதானே நீ வீட்டை விட்டுப் போனாய். பெற்றவள் செய்கிற காரியமா அது?

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். "மூணு மாசமா ரொட்டி எப்படி எறங்குச்சு உனக்கு?" என்று மட்டும் கேட்டார். இன்று காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார். வருகிற வண்டியிலெல்லாம் ஏறிப் பார்க்கிறாராம்.

என்னோடு நீ பேச வேண்டாம். என் கையால் சாப்பிடவும் வேண்டாம். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு நாள் வந்து இறங்கு, போதும். எங்கே இருந்தாலும் அல்லா உன்னைக் காப்பாற்றட்டும்.

நீ போட்ட முடிச்சு நல்ல முடிச்சுதான், மகனே. அவிழ்க்க என் நகம் பிய்ந்துவிட்டது.

உன் அம்மா,
பீபிசரா