பின்னணியை மாற்றச் சொன்னவளுக்கு

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கச் சொல்லி எங்கள் கட்டுரையைப் பேராசிரியர் இன்று காலை அனுப்பியிருந்தார். கடதாசியில் எடுத்துப் பார்த்தேன். முதலில் அவர் பெயர், அடுத்தது என் பெயர். உன் பெயர் எங்கும் இல்லை. குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயை அப்படியே வைத்துவிட்டேன்.

கம்பஸ் ஆய்வுகூடத்தில் இருந்த ஒற்றைக் கணினிக்கு நாங்கள் இரண்டு பேரும் அடிபட்டது நினைவிருக்கிறதா? தண்ணீர் விடாமல் வாடவிட்ட நெற்பயிரின் இலையில் எந்தப் புரதங்கள் கூடிக் குறைகின்றன என்று புரதம் அளக்கும் மெசினில் எடுத்தோம். அவற்றுள் எந்த வேலை செய்பவை வழமையைவிட மிகுந்து நிற்கின்றன என்று கணக்குப் போட்டோம். ரைபோசோம் போல மரபணு வெளிப்பாட்டுக்கு உதவும் புரதங்கள்தான் மிகுதி என்றது மென்பொருள். பேராசிரியருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கும் சந்தோசம்தான். நீ மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாய்.

"எதோட ஒப்பிட்டுச் சொல்லுது?"

"நெல்லில இருக்கிற எல்லாப் புரதத்தோடயும்தான்."

"உனக்கென்ன விசரே? இலையில அள்ளுகொள்ளையாக் கிடக்கிறது மட்டும்தான் எங்கட மெசினுக்குத் தெரியும். புரதம் கட்டுற ரைபோசோம் எப்பவும் அள்ளுகொள்ளை. பொங்கலண்டு வற்றாப்பளைக் கோயில் வாசல்ல நிண்டு பாத்துப்போட்டு, முல்லைத்தீவுச் சனம் முழுக்கக் காவடி எடுக்கிற ஆக்கள் எண்டு சொல்லுவியே?"

மெசினால் காண முடிந்த புரதங்களை மட்டும் பின்னணியாக வைத்துத் திரும்பச் செய்யவேண்டும் என்றாய். பேராசிரியர் கத்தினார். "பிழையெண்டால் பிழைதானே சேர்" என்று முகத்துக்கு நேரே சொன்னாய்.

அந்த 2006இல், சிறுபோக வெட்டுக்கென்று, புரதப் பட்டியல் அச்சடித்த கடதாசிக் கட்டோடு உன் ஊர் வட்டக்கச்சிக்குப் போனாய். போகாதே என்றேன், கேட்டாயா? நெல்லு வெட்ட ஊரில் வேறு ஆளே இல்லையா? சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள்; நீ அங்கேயே அகப்பட்டுவிட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கரண்ட் இல்லாத வீட்டில் இருந்து, மெசினுக்குத் தெரிவது எது தெரியாதது எது என்று ஒவ்வொரு புரதமாகப் பிரித்து எழுதி, பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்த ரீச்சர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டாய். "பழசை மட்டும் அச்சடிக்க விடாதை" என்று தொலைபேசியிலும் சொன்னாய். நீ சொன்னபடி செய்தேன். ரைபோசோம் எல்லாம் கழன்றுபோயின. ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் ஒரு சிறு புரதக் கூட்டம் மட்டும் நின்றது. அதுதான் உண்மை. இந்தக் கட்டுரையே அதுதான்.

அந்த மனுசன் அதை வருடக்கணக்காக இழுத்தடித்தார். அதற்குள் உன் தம்பி செட்டிக்குளம் அகதி முகாமிலிருந்து சொல்லியனுப்பினான்: "அக்கா இல்லை. பங்கருக்கு வெளிய நிக்கேக்க செல் விழுந்து வெடிச்சது."

இன்று காலை உன் பெயர் இல்லை என்று கண்டதும் பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, செத்த ஆள் எப்பிடி இதழின்ர படிவத்தில கையெழுத்து வைக்கிறது? கடைசியில நன்றி போட்டிருக்கிறன், பாரும்."

பார்த்தேன். 'உதவிய மாணவர்களுக்கு நன்றி.' மாணவர்களாம்! தூ!

"சேர், அவளின்ர பேரை முதல்ல போடுங்கோ. இல்லாட்டி என்ர பேரை எடுங்கோ."

"நாளைக்கு ஆரும் பிழை பிடிச்சால் அவளே வந்து பதில் சொல்லப்போறாள்?"

"நான் சொல்லுறன்."

தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் போடாவிட்டால் இதழாசிரியருக்கு நானே எழுதுவேன். நீ வட்டக்கச்சியில் இருந்து போட்ட கணக்கு எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆரும் கேட்கட்டும். உன் பெயரைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு புரதமாகச் சொல்லுவேன்.