கரிச்சானின் பொய்க் கூச்சல்

என் வீட்டுக்காரருக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

“உங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், உடனே கிளம்பு” என்றீர்கள். அடித்துப்பிடித்து மலையிறங்கினேன். அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “எனக்கென்னடி, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!” என்றாள்.

அன்றுதான் ஆய்வுக்குழு நம் முகாமுக்கு வந்ததாம். ஆறு வருடமாகக் காட்டில் நான் எழுதிய பறவைக் குறிப்புகளை உங்கள் பெயரில் கொடுத்துவிட்டீர்கள்.

பல இனப் பறவைகள் கூடி மேயும்போது, பருந்து வந்ததுபோல் கரிச்சான் பொய்யாகக் கத்தும். சிலம்பன் குருவி புழுவைப் போட்டுவிட்டு ஓடும். கரிச்சான் அதைத் தின்னும். அதை முதலில் பார்த்த அன்று “கெட்டிக்காரப் பய!” என்று சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன்.

மறுநாளும் சிலம்பன்கள் அதே கரிச்சானோடுதான் மேய்ந்தன. அது குருவிகளின் வழக்கம்.

இனி நிஜமாகவே பருந்து வந்தாலும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
குறிப்பேட்டில் இருக்கும் கையெழுத்துக்காரி