ஹீதரின் கில்ட் ஊசி

பங்குனி 8, சனி.

இன்று ஹென்டர்சன் பூங்காவில் என் மகள் கயலின் ஸ்காட்லாந்து பைப் பேண்ட் வாசித்தது. அவள் கட்டும் கட்டம்போட்ட கில்ட் பாவாடையில் குத்துவதற்கென்று முருகன் சந்நிதியில் வைத்து எடுத்த வெள்ளி வேல் ஊசியைக் கொண்டுபோயிருந்தேன். புடவைக்குக் குத்தும் பழக்கத்தில், முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு துணியையும் சேர்த்துக் குத்திவிட்டேன். கயல் நடந்ததும் துணி இழுத்துக்கொண்டு கிழியப் பார்த்தது.

பேண்ட் நடத்தும் ஹீதர் வந்து மண்டியிட்டாள். மேல்துணியில் மட்டும்தான் குத்த வேண்டும், அது துணி பறக்காமலிருக்கப் பாரத்துக்குத்தான் என்று கயலிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. வேல் ஊசியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தன்னுடைய வாள் வடிவ ஊசியை மாட்டிவிட்டாள்.

"நம்ம வேல் ஊசியையே மேல்துணியில குத்திக்கோடி."

"அம்மா, ப்ளீஸ். ஹீதரோடதே இருக்கட்டும்."

ஹீதரைப் பார்த்துக் கயல் முகம் மலரச் சிரித்தாள். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

வீட்டுக்கு வந்ததும், திங்கட்கிழமை பயிற்சிக்குப் போகும்போது அந்த வாள் ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றேன்.

"என்னையே வச்சுக்கச் சொல்லிட்டாங்கம்மா."

விளக்கேற்றிக் கயலுக்காக வேண்டிக்கொண்டேன். சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட வேண்டிக்கொண்டேன். ஹீதர் பெயரைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. முருகனுக்குத் தெரிந்திருக்கும்.