நீ பிரிக்காமல் அனுப்பிய பக்கங்கள்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
16 அக்டோபர் 1934

இல்லை, சதுரங்கத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாண்டலாம் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பே இல்லை. நம் ஊரில் அப்படித்தான் ஆடுகிறார்கள், என் அப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். சைகோன் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் முன்னால் நீ ராஜாவைத் தூக்கித் தாண்ட வைத்தாய், அவர்கள் சிரித்தார்கள், பந்தயம் போயிற்று. ஆட உட்காருவதற்கு முன்னால் அவர்கள் சட்டம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோர்ட்டு குமாஸ்தாவுக்குச் சட்டம் விசாரிக்கத் தெரியாதா. அதை விட்டுவிட்டு, சின்ன வயதிலேயே சரியான ஆட்டத்தைக் கற்றிருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருப்பேன் என்று பெற்றவளுக்குக் குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறாய்.

அன்புள்ள மகன் அமலநாதனுக்கு அம்மா எழுதுவது. வாழ்த்து முன்னால் வர வேண்டும், கோபம் முந்திக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் மனைவி ஆனந்தமேரியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. கிணற்றடி முருங்கை சாய்ந்துவிட்டது. நீ அனுப்பிய புத்தகம் நனையாமல் வந்து சேர்ந்தது. ஆர்விட் லுண்டால் என்கிற ஸ்வீடன் தேசத்துச் சதுரங்கக்காரரின் வாழ்க்கை. பிரெஞ்சில். இங்கே ஒருவரும் கேள்விப்படாத பெயர், அவர் தேசத்திலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் போல் இருக்கிறது. உள்ளே உன் கடிதம். இதைப் படித்தால் என்னைப் புரிந்துகொள்வாய் என்கிறாய். வருஷக் கடைசியில் வேலையை விடுகிறாய், மார்சேய்க்குக் கப்பல் ஏறுகிறாய், அங்கிருந்து ஊர் ஊராகப் பந்தயம். ஆனந்தமேரி இன்னும் இரண்டு வருஷம் என்னோடு இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி. கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே கப்பல் ஏறியவன் நீ. ஒன்றரை வருஷமாக அவள் இருந்துகொண்டுதான் இருக்கிறாள்.

படித்தேன். முழுதும். எழுதியவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் வாழ்க்கை எழுதவில்லை, தூபம் போட்டிருக்கிறார். புகையில் ஆள் தெரியவில்லை. லுண்டால் மழையில் குடையை மறந்தால் மேதை, சாப்பாட்டை மறந்தால் பெரிய மேதை. குடைக்கு மட்டும் இரண்டு பக்கம். தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், முப்பது வயதில் ஒரு காலையில் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாராம், திரும்பிப் பார்க்கவே இல்லையாம். அந்த இடத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். இரட்டைக் கோடு. அதற்கு அடுத்த அத்தியாயத்திலிருந்து தாள்களின் மடிப்பு வெட்டப்படவில்லை. பிரெஞ்சுப் புத்தகம் மடிப்போடுதான் வரும், படிக்கிறவன்தான் கத்தி போட்டுப் பிரிக்க வேண்டும், இது உனக்குத் தெரியாததல்ல. ஒருவனுடைய வாழ்க்கையைப் பாதி படித்துவிட்டு அதைப் போல வாழக் கிளம்பிவிட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

மீன் அரிகிற கத்தியைக் கழுவித் துடைத்து மீதியை நான் வெட்டினேன். ஆனந்தமேரிக்குப் பிரெஞ்சு தெரியாது, நான் தமிழில் சொல்லச் சொல்ல உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். லுண்டால் ஆறு வருஷம் சுற்றினார். பெர்லின், வியன்னா, இன்னும் வாயில் நுழையாத ஊர்கள். எல்லாப் பந்தயத்திலும் நடுவில் எங்கேயோ வந்தார். மனைவி ஊரில் கையுறை தைத்தாள். இதற்கு ஒரு வரி. அவள் கண் மங்கிப்போயிற்று. இதற்கு அரை வரி. ஆனந்தமேரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, 'அந்தம்மா பேரு என்னா அத்தை?' என்றாள். புரட்டிப் பார்த்தேன். மேதையின் துணைவி என்றுதான் இருக்கிறது. 'பேரு கூடவா எழுதல? கொடைக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதத் தெரிஞ்சிதா அந்தாளுக்கு' என்றாள். உன் மனைவிக்கு வாய் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு நீ இங்கே இருக்கவில்லை.

அப்புறம் லுண்டால் திரும்பி வந்தார். அதே தபால் ஆபீசில் போய் வேலை கேட்டார். பழைய மேசை கிடைக்கவில்லை, நின்றுகொண்டு தபால் பிரிக்கிற வேலை கிடைத்தது. இந்த அத்தியாயத்துக்கு வீழ்ச்சி என்று தலைப்பு. வீழ்ச்சியாம். புத்தகத்தில் நான் மரியாதையோடு படித்தது இது ஒன்றைத்தான். பகலெல்லாம் ஊரார் தபாலைப் பிரித்துப் போட்டுவிட்டு, அவர் தூர தேசத்துக்காரர்களோடு தபால் கார்டில் ஆடினார். ஒரு கார்டுக்கு ஒரு நகர்த்தல். பதில் வர வாரக்கணக்கு. அது வரைக்கும் ஒரே ஒரு காயைப் பற்றி யோசனை. அந்த ஆட்டங்களைப் புத்தகத்தின் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். பலகையை எடுத்து வைத்து ஒன்றை நகர்த்திப் பார்த்தேன். எதிரி இவருடைய சிப்பாய்களை வெட்டிக்கொண்டிருக்கும்போதே மனிதர் தன் ராஜாவைக் கட்டம் கட்டமாகப் பலகையின் நடுவுக்கு நடத்திக்கொண்டு வருகிறார். அவசரம் இல்லை. பயம் இல்லை. யாரும் பார்த்துக் கைதட்டவும் இல்லை. அமலநாதா, அது அழகு. சுற்றிய ஆறு வருஷத்தில் அவர் அப்படி ஓர் ஆட்டம் ஆடவில்லை, அந்த ஆட்டங்களும் அங்கேயே இருக்கின்றன, புத்தகம் உன்னிடம் திரும்பி வரும்போது நீயே பார்க்கலாம். எழுதியவருக்குத்தான் தெரியவில்லை. மேதை என்றால் ரயிலில் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். உன் எண்ணமும்.

யோசனை கேட்கலாம் என்று போனதற்குக் கிடைத்ததையும் கேள். பங்குச் சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த மனிதர் லுத்தரன்தானே, நம் சபை இல்லையே என்றார், அதோடு சரி. பக்கத்து வீட்டுக் கமலவேணி, 'காய் நவுத்தி எவன் குடும்பம் நடத்துனான்? என் ஊட்டுக்காரர் மாதிரி மில்லுல நின்னு பாக்கச் சொல்லு' என்றாள். இவர்கள் இரண்டு பேரும் உனக்கு எதிர்க்கட்சி என்றவுடன் நீ செய்வது சரியாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. உன்னை ஆட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனந்தமேரியும் சொல்லவில்லை. 'அவரு ஆடட்டும், யாரு வேணாம்னா. நான் அங்க இருந்து பாக்கறேன். இங்க குந்திகினு ரெண்டு வருசம் கடுதாசி மூஞ்சியப் பாத்துகினு இருக்க மாட்டேன்' என்றாள். உன்னை ஒரு வார்த்தை கேட்டு எழுதட்டுமா என்றேன். 'கேட்டா இன்னொரு கடுதாசிதான் வரும்' என்றாள்.

ராஜினாமாவை எழுதியிருந்தால் கிழித்துப் போடு. கொடுத்துவிட்டிருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கு, வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும். கிளப்பில் அவர்கள் சட்டப்படி ஆடு, வீட்டில் நம் சட்டப்படி ஆடு. மலேரியா காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையை நிறுத்தாதே, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாதா உன்னை முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் புத்தியையும் சேர்த்து. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே இரண்டு பேர் இருக்கிற மாதிரி ஒரு வீடு பார். மறக்காதே.

இப்படிக்கு,
கோபம் தீராத, ஆசி குறையாத உன் அம்மா
ஞானப்பூ

பி.கு. இதை எழுதி மடித்து வைத்துவிட்டு ஆனந்தமேரியோடு கப்பல் ஆபீசுக்குப் போனேன். சைகோனுக்கு அடுத்த மாதக் கப்பலில் அவளுக்கும், துணைக்கு அவள் அண்ணன் தனிஸ்லாசுக்கும் சீட்டு எடுத்தேன். பெயரை அவளே கையெழுத்துப் போட்டாள்.